மீன்தொட்டிக்கு சைஃபன்: தொட்டியைக் கவிழ்க்காமல் கசடை மட்டும் எடுக்க

வீடு கட்டுகிற இடத்தில் கொத்தனார் மட்டம் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். தெளிவான நீள டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறுமுனையை அந்தச் சுவரிலும் பிடிப்பார்கள். நடுவில் டியூப் எப்படி நெளிந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். ஒரு முனையைத் தாழ்த்தினால் அந்தப் பக்கம் வழிந்துவிடும்.

மீன்தொட்டியைச் சுத்தம் செய்கிற சைஃபனும் அதே டியூப்தான். கொத்தனாரின் டியூபில் வளைவு கீழே தொங்குகிறது. சைஃபனில் அந்த வளைவு தொட்டியின் விளிம்பைத் தாண்டி மேலே ஏறி இறங்குகிறது. தொட்டியும் வாளியும் ஒரே மட்டத்துக்கு வரப் பார்க்கின்றன. வாளி தரையில் இருப்பதால் தண்ணீர் வாளிக்கு ஓடுகிறது. கரண்டும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம்.

சுவர் ஏறும் தண்ணீர்

விளிம்புவரை தண்ணீர் மேலே ஏறுகிறதே, அது எப்படி என்றுதான் எல்லோருக்கும் முதலில் சந்தேகம் வரும். டியூபை இரண்டு கைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து விளிம்புவரை ஏறுவது குட்டைக் கை. விளிம்பிலிருந்து வாளிவரை இறங்குவது நெட்டைக் கை. நெட்டைக் கையில் நிற்கும் தண்ணீரின் எடை அதிகம். அது கீழே இறங்கும்போது டியூபின் உச்சியில் அழுத்தம் குறைகிறது. தொட்டித் தண்ணீரின் மேற்பரப்பை வெளிக்காற்று எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. உச்சியில் அழுத்தம் குறைந்ததும், அந்தக் காற்றழுத்தம் தண்ணீரைக் குட்டைக் கை வழியாக மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் காற்றழுத்தத்தால் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் உயரம்வரைதான் தாங்க முடியும். வீட்டுத் தொட்டியில் நாம் ஏற்றுவது சில அங்குலம், அதனால் அந்த எல்லையைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நம் குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் தெளியும். 1966-ல் பறளியாற்றுக்கு மேலே கட்டிய அந்தப் பாலத்தில், ஒரு மலையிலிருந்து மறுமலைக்குத் திறந்த தொட்டி வழியாகத் தண்ணீர் மெல்லிய சரிவில் இறங்கிக்கொண்டே போகிறது. திறந்த தொட்டியில் தண்ணீர் ஒரு அங்குலம்கூட மேலே ஏறாது. அதனால்தான் பள்ளத்தாக்கு முழுவதும் அத்தனை உயரத் தூண்கள். சைஃபன் மூடிய குழாய் என்பதால் முதலில் ஏறி, பிறகு இறங்க முடிகிறது. ஆனால் போய்ச் சேரும் இடம் புறப்பட்ட இடத்தைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

ஆக, சைஃபன் ஓடுவதற்கு நிபந்தனைகள் மூன்று. டியூப் முழுக்கத் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். நடுவில் காற்று புகக்கூடாது. வாளிப்பக்க முனை தொட்டியின் நீர்மட்டத்தைவிடக் கீழே இருக்கவேண்டும். தொட்டியின் அடிப்பாகத்தைவிடக் கீழே இருக்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முழுத் தொட்டியையும் வடிப்பதென்றால்தான் அது தேவை. சைஃபன் ஓடவில்லை என்று தடுமாறும்போது இந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள், எங்கோ ஒன்று தவறியிருக்கும்.

வேகம் எதைப் பொறுத்தது? தொட்டியின் நீர்மட்டத்துக்கும் வாளியிலுள்ள டியூப் முனைக்கும் இடையிலுள்ள உயரத்தைப் பொறுத்தது. உயரம் நாலில் ஒரு பங்காகக் குறைந்தால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வாளியை ஒரு முக்காலியில் தூக்கி வைத்தால் போதும். டியூபின் குறுக்களவும் முக்கியம், அதைப் பிறகு பார்ப்போம்.

மொத்தமாகக் கழுவினால் ஏன் மீன் சாகிறது

நம் ஊரில் மீன்தொட்டி கழுவுவதென்றால், ஞாயிற்றுக்கிழமை மீன்களை ஒரு வாளியில் பிடித்துப் போட்டு, தண்ணீரை மொத்தமாகக் கொட்டி, கல்லை அரிசி களைவது மாதிரிக் களைந்து, கண்ணாடியைப் பளிச்சென்று தேய்த்து, புதுத்தண்ணீர் ஊற்றி மீனை விடுவதுதான் வழக்கம். தொட்டி பார்க்க அழகாக இருக்கும். மூன்றாம் நாள் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஐந்தாம் நாள் இரண்டு மீன் செத்துக் கிடக்கும். கடைக்காரர் நோய்மீனைக் கொடுத்துவிட்டார் என்பார்கள், கண் பட்டுவிட்டது என்பார்கள். பெரும்பாலும் காரணம் அந்தக் கழுவல்தான்.

மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அம்மோனியா வெளியாகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியா வரும். அது மீனுக்கு விஷம். தொட்டியில் தானாக வளரும் ஒருவகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட, கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச், கண்ணாடி ஆகியவற்றின் மேல் வழவழப்பான படலமாக ஒட்டி வாழ்கின்றன. புதுத்தொட்டியில் அவை பெருகி நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். குளோரின் கலந்த பைப் தண்ணீரில் கல்லையும் ஸ்பாஞ்சையும் கழுவினால், அத்தனை வார வளர்ச்சியும் ஒரு மணி நேரத்தில் போய்விடும். மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறும்.

சைஃபன் இங்கேதான் கைகொடுக்கிறது. கல்லை எடுக்காமல், மீனைப் பிடிக்காமல், கல்லிடுக்கில் தங்கிய கசடையும் பழைய தண்ணீரில் ஒரு பங்கையும் மட்டும் வெளியே எடுக்கிறது. மேல்தண்ணீரை மக்கால் கோரி எடுத்தாலும் தண்ணீர் மாறும், ஆனால் கசடு அடியிலேயே கிடந்து அழுகிக்கொண்டிருக்கும்.

கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் பலன் குறையாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொட்டியில் நைட்ரேட் 80 என்ற அளவில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாகப் பாதித் தண்ணீரை மாற்றினால் 40 ஆகும். காற்பங்கு வீதம் இரண்டு முறை மாற்றினால் முதலில் 60, பிறகு 45. வித்தியாசம் வெறும் ஐந்து. அந்த ஐந்துக்காக மீனைத் திடீர் மாற்றத்தில் தள்ளவேண்டியதில்லை.

டியூபும் வாயும்

ஹார்டுவேர் கடையில், கொத்தனார் மட்டம் பார்க்கும் அதே தெளிவான டியூபை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். பச்சைத் தோட்ட ஹோஸ் வேண்டாம். உள்ளே என்ன போகிறது என்று தெரியவேண்டும், கசடோடு ஒரு மீன்குஞ்சு போனாலும் கண்ணில் படவேண்டும். இரண்டரை அடி ஸ்டாண்டின் மேல் ஒரு அடி உயரத் தொட்டி என்றால் 2 மீட்டர் டியூப் போதும். மிக நீளமாக வாங்கினால் மடிந்து, முறுக்கிக்கொண்டு பாய்ச்சல் நின்றுவிடும்.

குறுக்களவில்தான் புதியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள இரண்டடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 54 லிட்டர். அடியில் கல், மேலே விட்ட இடைவெளி போக உள்ளே இருப்பது சுமார் 42 முதல் 45 லிட்டர். அதில் காற்பங்கு 11 லிட்டர். உள்விட்டம் 12 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குல டியூப், வாளி தரையில் இருந்தால் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர்வரை இழுக்கும். ஒரு நிமிடம் சொச்சத்தில் உங்கள் 11 லிட்டர் தீர்ந்துவிடும், கல்லில் ஒரு மூலைகூடச் சுத்தமாகியிருக்காது. 8 மில்லிமீட்டர் டியூப் என்றால் நிமிடத்துக்கு 3 முதல் 4 லிட்டர். மூன்று நிமிடம் நிதானமாக வேலை செய்யலாம். இரண்டடிவரையிலான தொட்டிக்கு 8, மூன்றடிக்கும் மேல் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைட்டர் மீன் வளர்க்கும் சின்ன ஜாடிக்கும், கப்பிக் குஞ்சுகள் உள்ள தொட்டிக்கும் ஏர் பம்புக்குப் போடும் மெல்லிய டியூபே போதுமானது.

இனி டியூபின் முனையில் பொருத்தும் அகல வாய். மீன் கடைகளில் கிராவல் கிளீனர் என்று கேட்டால் தருவார்கள். வெறும் டியூபை நேராகக் கல்லில் வைத்தால் கல்லும் சேர்ந்து டியூபுக்குள் ஏறி அடைத்துக்கொள்ளும். அகலமான வாய் இருந்தால், அதே அளவு தண்ணீர் பெரிய இடத்தில் மெதுவாக ஏறுகிறது. வாயின் விட்டம் டியூபைப்போல நாலு மடங்கு என்றால், அங்கே வேகம் பதினாறில் ஒரு பங்குதான். அந்த மெதுவான ஓட்டத்தில் கனமான கல் சற்றே துள்ளிவிட்டு விழுந்துவிடும், லேசான கசடு மிதந்து மேலே போய்விடும். முறத்தில் புடைக்கும்போது அரிசி தங்கி உமி பறக்கிறதே, அந்த மாதிரிப் பிரிப்பு. டியூபின் உள்விட்டத்தைப்போல நாலு முதல் ஐந்து மடங்கு வாய் அகலம் இருந்தால் இந்தப் பிரிப்பு நன்றாக நடக்கும்.

வீட்டிலேயே செய்யவும் வழியுண்டு. 12 மில்லிமீட்டர் டியூபுக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், 8 மில்லிமீட்டர் டியூபுக்குக் கால் லிட்டர் பாட்டில். அடியை நேராக வெட்டி, வெட்டிய விளிம்பைச் சூடான இஸ்திரிப் பெட்டியில் ஒரு நொடி தொட்டு மழுக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மீனின் செதிலைக் கீறும். மூடியில், டியூபைவிட அரை மில்லிமீட்டர் சிறிதாக ஓட்டை போட்டு டியூபைத் திணிக்கவேண்டும். இறுக்கம் போதவில்லை என்றால் டெஃப்லான் டேப் சுற்றுங்கள். இரண்டு லிட்டர் பாட்டிலை மட்டும் எடுக்காதீர்கள். அதன் வாய் சுமார் பத்து சென்டிமீட்டர் அகலம், அங்கே ஓட்டம் 12 மில்லிமீட்டர் டியூபில் இருப்பதைப்போல எழுபதில் ஒரு பங்காகிவிடும். கசடு பாட்டிலுக்குள்ளேயே சுழன்று சுழன்று மறுபடி கீழே உட்கார்ந்துவிடும்.

வாயை வைத்து உறிஞ்சாமல் தொடங்குவது

மண்ணெண்ணெய் கேனிலிருந்து எடுப்பதுபோல வாயால் உறிஞ்சித் தொடங்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. மீன்தொட்டியில் அதைச் செய்யாதீர்கள். தண்ணீரில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம், நோய்க்குப் போட்ட மருந்து மிச்சமிருக்கலாம். கையில் காயம் இருந்தாலும் உறை போட்டுக்கொண்டே தொட்டிக்குள் கைவிட வேண்டும். மீன்தொட்டித் தண்ணீரில் வாழும் ஒருவகை மைக்கோபாக்டீரியா காயம் வழியாகப் புகுந்து, மாதக்கணக்கில் ஆறாத தோல்புண்ணை உண்டாக்கும்.

எளிய வழி இது. டியூபையும் அதன் அகல வாயையும் முழுதாகத் தொட்டிக்குள் அமிழ்த்துங்கள். காற்றுக்குமிழ் எல்லாம் போகும்வரை சற்றே ஆட்டுங்கள். டியூபின் வெறும் முனையைப் பெருவிரலால் இறுக மூடி, அந்த முனையை மட்டும் வெளியே எடுத்து வாளிக்குள் இறக்கியபின் விரலை விடுங்கள். ஓடத்தொடங்கிவிடும்.

தொட்டி சிறிது, முழு டியூபும் உள்ளே அடங்காது என்றால் வேறொரு வழி. டியூபின் வெறும் முனை வாளியில் கிடக்கட்டும். அகல வாயைத் தொட்டிக்குள் அமிழ்த்தி நிரப்பி, வாய் மேல்நோக்கி இருக்கும்படி தண்ணீருக்கு வெளியே தூக்குங்கள். உள்ளே இருந்த தண்ணீர் டியூப் வழியாகச் சரசரவென்று இறங்கும். அது முழுதும் தீர்வதற்குள் வாயை மறுபடி தண்ணீரில் அமிழ்த்துங்கள். ஒரு தடவையில் வராவிட்டால் இரண்டாம் தடவையில் வரும். நடுவில் ரப்பர் பல்ப் உள்ள சைஃபன் வாங்கியிருந்தால் பல்பை அமுக்கித் தொடங்கலாம். அதற்குள் ஒருவழி வால்வு இருக்கும், அம்புக்குறி வாளிப்பக்கம் பார்த்திருக்கவேண்டும். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் காற்றடித்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

வேலை செய்யும் முறை

தொடங்குமுன் மோட்டார் ஃபில்டரையும், ஹீட்டர் வைத்திருந்தால் அதையும் சுவிட்சில் அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். நீர்மட்டம் இறங்கி மோட்டார் வெளியே தெரிந்தால் வறண்டு ஓடிப் பழுதாகும். சூடான ஹீட்டர் கண்ணாடி வெளியே தெரிந்தால் வெடிக்கும். குமரி மாவட்டத்தின் கதகதப்பில் ஹீட்டர் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையே இல்லை.

கண்ணாடியில் பாசி படிந்திருந்தால் முதலில் அதைத் தேய்த்து விடுங்கள், கால் மணி நேரம் காத்திருந்தால் உதிர்ந்த பாசி அடியில் உட்காரும், சைஃபன் அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். காற்பங்கு இறங்கினால் எந்த மட்டத்தில் நிற்கும் என்று தொட்டியின் வெளிப்பக்கம் ஒரு டேப் ஒட்டி வையுங்கள். வேலை மும்முரத்தில் அளவு தப்பிப்போவது சகஜம். வாளி வெளிர் நிறத்தில் இருக்கட்டும், சோப்பும் டிட்டர்ஜென்டும் ஒருநாளும் தொடாத வாளியாக இருக்கட்டும். மீனுக்கென்று ஒரு வாளியைத் தனியாக எழுதி வைத்துவிடுவது நல்லது.

ஒரு மூலையில் தொடங்கி, வாயைக் கல்லுக்குள் அடிக்கண்ணாடி தொடும்வரை இறக்குங்கள். பழுப்பு நிறக் கசடு சுழன்று மேலே ஏறும், கல் குதித்துக்கொண்டிருக்கும். பத்துப் பதினைந்து நொடியில் வாய்க்குள் தண்ணீர் தெளியும். அப்போது டியூபை விரலால் மடித்துப் பாய்ச்சலை நிறுத்துங்கள். கல் சட்டென்று கீழே விழும். வாயைத் தூக்கிப் பக்கத்து இடத்துக்கு நகர்த்துங்கள். இந்த மடிப்பை விடாமல் செய்வதுதான் தண்ணீரைச் சிக்கனமாக்கும் வித்தை. ஓட்டத்தை விட்டுக்கொண்டே நகர்த்தினால் பாதித் தண்ணீர் சும்மா போய்விடும்.

முழுப் படுகையையும் ஒரே நாளில் கிளறாதீர்கள். இந்த வாரம் இடது பாதி, அடுத்த வாரம் வலது பாதி. நன்மை செய்யும் பாக்டீரியா கல்லில்தான் குடியிருக்கிறது என்று பார்த்தோம், ஒரு பாதியாவது கலையாமல் இருக்கட்டும். செடி நட்டிருக்கும் இடத்தில் வாயைக் குத்தவே வேண்டாம், வேர் அறுந்துபோகும். ஒரு விரற்கடை மேலே பிடித்து மேற்கசடை மட்டும் எடுங்கள். கல்லுக்குப் பதில் மணல் போட்டிருந்தாலும் அப்படித்தான். மணல் லேசானது, உள்ளே குத்தினால் வாளிக்குப் போய்விடும்.

மணல் என்றதும் ஒரு எச்சரிக்கை. கடற்கரை நமக்குப் பக்கத்தில் இருப்பதால் சங்குத்துறையிலிருந்தோ முட்டத்திலிருந்தோ ஒரு பை மணல் அள்ளிவந்து தொட்டியில் கொட்டுகிறார்கள். கன்னியாகுமரியில் பொட்டலம் பொட்டலமாக விற்கும் நிற மணலையும் சிலர் போடுகிறார்கள். கடல்மணலில் உப்பும் சிப்பித்தூளும் இருக்கும். சிப்பித்தூள் கரைந்து கரைந்து தண்ணீரைக் கடினமாக்கிக்கொண்டே இருக்கும், எத்தனை தடவை சைஃபன் போட்டாலும் அது நிற்காது. நன்றாக அலசிய ஆற்றுமணலோ கடையில் விற்கும் கல்லோ போதும்.

நிறுத்தும்போது முதலில் அகல வாயைத் தண்ணீருக்கு வெளியே எடுக்கவேண்டும். டியூபில் மிச்சமிருப்பது வாளிக்குள் வடிந்துவிடும். மாறாக வாளிப்பக்க முனையை முதலில் மேலே தூக்கினால், டியூபிலுள்ள அழுக்குத் தண்ணீர் முழுதும் தொட்டிக்கே திரும்பிப் பாயும்.

வாளியில் சேர்ந்த அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். மாதம் ஒருமுறை ஃபில்டர் ஸ்பாஞ்சை அந்தத் தண்ணீரிலேயே இரண்டு மூன்று தரம் பிழியுங்கள். தொட்டித் தண்ணீரே என்பதால் குளோரின் இல்லை, பாக்டீரியா சாகாது. ஸ்பாஞ்ச் வெள்ளையாக வரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், தண்ணீர் தடையின்றிப் போனால் போதும். பிறகு அந்தத் தண்ணீரை வாழை மூட்டிலோ பிச்சிக் கொடிக்கோ ஊற்றலாம். அதிலுள்ள நைட்ரேட் செடிக்கு நல்ல உரம். மீனுக்கு உப்போ மருந்தோ போட்டிருந்த வாரம் மட்டும் செடிக்கு ஊற்றக்கூடாது. குளத்திலும் ஆற்றிலும் கொட்டவே கூடாது. நத்தை முட்டையும் செடித்துணுக்கும் அதோடு போகும். சக்கர் மீன் நம் நீர்நிலைகளில் பரவியதற்கு வீட்டுத்தொட்டியிலிருந்து வெளியே போனது ஒரு முக்கியக் காரணம்.

உள்ளே ஊற்றும் தண்ணீர்

எடுப்பதைவிட ஊற்றுவதில்தான் ஆபத்து அதிகம். குமரி மாவட்டத்தில் தாலுகாவுக்கு ஒரு தண்ணீர், அதைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

முக்கடல் அணையிலிருந்து வரும் நாகர்கோவில் பைப் தண்ணீர்போலச் சுத்திகரித்து வருவதில் குளோரின் இருக்கும். அகலமான வாளியில் ஒருநாள் முழுதும் திறந்து வைத்து, ஏர் பம்பில் மாட்டிக் குமிழ் விடும் ஏர் ஸ்டோன் போட்டுவிட்டால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து கிடைக்கும், பாட்டிலில் எழுதிய அளவை மீறாதீர்கள். ஒருநாளுக்கு மேல் வைப்பதென்றால் கொசு முட்டையிடாமல் வாளியை மெல்லிய துணியால் மூடுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் என்றால் குளோரின் கவலை இல்லை, ஆனால் கோரிய உடனே ஊற்றக்கூடாது. ஆழத்துத் தண்ணீரில் பிராணவாயு குறைவு, கரியமில வாயு அதிகம். ஒரு ராத்திரி ஏர் ஸ்டோன் ஓடட்டும். மழைக்காலத்தில் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் வாடை அடங்கும்வரை அதைத் தொடவேண்டாம். குலசேகரம், அருமனைப் பக்கத்துச் செம்மண் மேட்டுக் கிணறுகளில் தண்ணீர் பொதுவாக மென்மையாகவும் சற்றே அமிலத்தன்மையோடும் இருக்கும். குளச்சல், ராஜாக்கமங்கலம் கடலோரக் கிணறுகளில் உப்பும் கடினத்தன்மையும் ஏறியிருக்கலாம். இரண்டிலும் மீன் வளர்க்கலாம். கப்பி, மோலி கடினத் தண்ணீரில் நன்றாக வரும், டெட்ராவுக்கு மென்தண்ணீர் பிடிக்கும். ஒரு தண்ணீரில் பழகிய தொட்டிக்குத் திடீரென்று வேறு தண்ணீர் ஊற்றுவதுதான் தவறு.

மாடியிலுள்ள கறுப்பு டேங்கில் மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீர் கொதிக்கக் கிடக்கும். அதை நேராக ஊற்றினால் மீன் அதிர்ச்சியில் சாயும். விடியற்காலையிலோ ராத்திரியிலோ பிடித்து வைத்த தண்ணீர் நல்லது. கையை இரண்டிலும் விட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியக்கூடாது.

ஊற்றும்போது தொட்டிக்குள் ஒரு சிறு தட்டை வைத்து, அதன்மேல் மக்கால் மெல்ல ஊற்றினால் கல் கலையாது. தொட்டியைவிட உயரமான மேசையோ அலமாரியோ பக்கத்தில் இருந்தால், வாளியை அங்கே ஏற்றி, மெல்லிய டியூபில் சைஃபன் போட்டே நிரப்பலாம். பைப்பில் மாட்டிய ஹோஸின் முனையைத் தொட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்து நிரப்பாதீர்கள். குழாயில் அழுத்தம் சட்டென்று குறைந்தால் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி வீட்டுக் குழாய்க்குள் போய்விடும், அதுவும் சைஃபன்தான்.

வெயில்காலத்தில் ஆவியாகிக் குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்பிவிட்டுத் தண்ணீர் மாற்றியாயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே தங்கி அடர்ந்துகொண்டே போகும். எடுத்துவிட்டு ஊற்றினால்தான் மாற்றம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? கப்பி, மோலி, டெட்ரா உள்ள, ஃபில்டர் ஓடும் தொட்டிக்கு வாரம் ஒருமுறை 20 முதல் 25 சதவீதம். தங்கமீன் நிறையத் தின்று நிறையக் கழிக்கும், அதற்கு 30 முதல் 40. ஃபில்டர் இல்லாத சிறிய ஜாடிக்கு இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மூன்றில் ஒரு பங்கு.

பல மாதம் தொடாமல் கிடந்த தொட்டி

இப்படிக் கிடந்த தொட்டிக்கு, மேலே சொன்ன கணக்கு ஒத்துவராது. பல மாதம் கிடந்த தண்ணீர் மெல்ல மெல்ல அமிலமாகியிருக்கும். அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியம் வடிவில் இருக்கும், மீனும் அதற்குப் பழகியிருக்கும். திடீரென்று பாதித் தண்ணீரை எடுத்துப் புதிதாக ஊற்றினால் பி.எச். ஏறும், அதாவது அமிலத்தன்மை குறையும், இதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியம் விஷ அம்மோனியாவாக மாறும். "இத்தனை நாள் அழுக்கில் நன்றாக இருந்தது, சுத்தம் செய்ததும் செத்துவிட்டது" என்று சொல்வது இதனால்தான்.

அப்படிப்பட்ட தொட்டியில் ஒருநாளுக்குப் பத்து சதவீதம் என்று ஒன்றிரண்டு வாரம் எடுங்கள். முதல் சில நாள் கல்லின் மேற்பரப்பை மட்டும். பிறகு உள்ளங்கை அளவு இடமாகக் கல்லுக்குள் இறங்குங்கள். கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு கசடு வந்தால் அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு தேங்கியிருக்கிறது. ஏர் பம்பை முழு வேகத்தில் விட்டு, அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோளாறுகள்

ஓடிக்கொண்டிருந்தது நடுவில் நின்றால் முதலில் பாட்டில் மூடியும் டியூபும் சேரும் இடத்தைப் பாருங்கள். சைஃபனில் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் பகுதியில் வெளியைவிட அழுத்தம் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியாது, காற்று உள்ளே புகும். அதனால்தான் ஓட்டை கண்ணுக்குத் தெரிவதில்லை. டியூபுக்குள் சின்னக் குமிழ்கள் வரிசையாக ஓடுவதுதான் அதற்கு அடையாளம். டெஃப்லான் டேப்போ சிலிக்கானோ போட்டால் சரியாகும்.

மெதுவாக ஓடினால் டியூப் மடிந்திருக்கலாம், நத்தையோ கல்லோ அடைத்திருக்கலாம். அகல வாயைத் தண்ணீருக்குள்ளேயே கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, வாளிப்பக்க முனையை நீர்மட்டத்துக்கு மேலே ஒரு கணம் தூக்கி இறக்குங்கள், பின்னோட்டத்தில் அடைப்பு விழுந்துவிடும். கல் டியூபுக்குள்ளேயே ஏறுகிறதென்றால் வேகம் அதிகம், வாளியை உயர்த்துங்கள். குஞ்சுமீன் உள்ளே போகும் என்ற பயமிருந்தால் வாய்க்குக் கொசுவலை கட்டலாம், ஆனால் வலை அடிக்கடி அடைத்துக்கொள்ளும். வலை இல்லாமல் மெல்லிய டியூபில் எடுத்துவிட்டு, வாளியைக் கால் மணி நேரம் வைத்துத் தேடிப்பார்ப்பது மேல். வாளிக்குப் போன குஞ்சு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும்.

வேலை முடிந்ததும் தண்ணீர் கலங்கியிருந்தால் பயப்படவேண்டாம், ஃபில்டர் ஓடினால் ஒன்றிரண்டு நாளில் தெளியும். மீன்கள் மேலே வந்து காற்றுக்குத் தவித்தால் அது வேறு. குளோரின் போகாத தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். ஆன்டி குளோரினை முழுத் தொட்டியின் அளவுக்குக் கணக்கிட்டுப் போட்டு, ஏர் பம்பை ஓடவிடுங்கள்.

டியூப் ஓடும்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று விட்டுப் போகாதீர்கள். அகல வாய் அடியில் கிடந்தால் சைஃபன் தானாக நிற்காது. வாளி நிரம்பி, அறை நிரம்பி, தொட்டி கிட்டத்தட்டக் காலியான பிறகுதான் நிற்கும்.

நீங்கள் போடாமலே ஓடும் சைஃபன் ஒன்று வீட்டில் உண்டு. ஏர் பம்பை ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வைத்திருப்பீர்கள், அதிலிருந்து மெல்லிய டியூப் தொட்டிக்குள் போகும். மழைக்காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனால் பம்ப் நிற்கும், டியூபில் காற்றுக்குப் பதில் தண்ணீர் ஏறும், விளிம்பைத் தாண்டியதும் சைஃபனாகிப் பம்புக்குள்ளேயே இறங்கும். பம்ப் பழுதாவதோடு, கரண்ட் திரும்பும்போது ஷாக் அடிக்கும் அபாயமும் உண்டு. பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே ஆணியில் தொங்கவிடுங்கள். முடியாதென்றால் டியூபில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள், சில ரூபாய்தான். மாட்டும்முன் இரண்டு பக்கமும் ஊதிப் பாருங்கள், காற்று போகும் பக்கம் தொட்டியைப் பார்க்கவேண்டும்.

சைஃபன் டியூபை வேலை முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசி, இரண்டு முனையும் கீழே தொங்கும்படி நிழலில் ஓர் ஆணியில் மாட்டுங்கள். உள்ளே தண்ணீர் தேங்கி வெயில் பட்டால் பாசி பிடிக்கும். நோய் கண்ட தொட்டியில் விட்ட டியூபை, முழுக்கக் காயாமல் அடுத்த தொட்டியில் விடாதீர்கள். இரண்டு தொட்டி இருந்தால் இரண்டு டியூப் வாங்கிவிடுவதே நல்லது.